அறைக்குள்ளே பேர் மட்டும்

"இன்னிக்காவது வாயைக் கட்டிப் போடு, நெகேசா! போன தடவை 'போய் அவர் கால்ல விழு'ன்னு சொல்லித் தொலைச்சியே, அதான் உன்னைக் கவுத்துச்சு."

மாண்டாசிப் பலகார மாவு ஒட்டிய கையோடு சமையலறையிலிருந்து அறை வாசல்வரை வந்து விரட்டினாள் தோழி அமொண்டி.

"தெரியும்டி. கேள்வி மட்டும்தான் கேக்கணும். புத்தி சொல்லக் கூடாது."

"உன்னால முடியுமா? உப்பு கடன் கேட்டு வந்தவளுக்கே அரை மணி நேரம் உபதேசம் பண்ணவ நீ!"

நெகேசா சிரித்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் 'கோச்' ஆகப் படிக்கிறாள். ஓட்டப் பந்தயத்துக்கான கோச் இல்லை. குழம்பி வருகிறவரிடம் கேள்வி கேட்டு, அவருடைய வழியை அவரே கண்டுகொள்ளும்வரை கூட இருக்கும் கோச். நைரோபியிலிருந்து வந்து நடத்தும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி. தொண்ணூற்றொன்பது மணி நேரம் பேசி முடித்தாயிற்று. தேர்வாளர் எதிரில் நடக்கும் நூறாவது மணி நேரம்தான் பாக்கி. அதில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இன்றும் தோற்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

'கர்த்தாவே, என் நாக்கைப் பிடிச்சுக்கோ' என்று வேண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று தன் குழப்பத்தைப் பேச வந்த ஜெப்டூ முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பின் வழக்கப்படி இருவரும் ஒரே மாதிரி லேசோ துணியைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டார்கள். உடுப்பைப் பார்த்துப் பேச்சு மாறிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அதே காரணத்துக்காக, அறைக்குள்ளே பேர் மட்டும்தான். பட்டம், பதவி எதுவும் கிடையாது.

மூலையில் தேர்வாளர் வங்கேச்சி பேனாவைத் திறந்தார். "ஜெப்டூ, நீங்க பேசுறதை நான் கூட இருந்து கேக்கிறதுல உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம்தான்."

"சொல்லுங்க ஜெப்டூ" என்றாள் நெகேசா.

"அப்பா படுத்த படுக்கையா இருக்காராம். தம்பி போன் பண்ணான். நான் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆச்சு."

"ம்."

"வேற இனத்துக்காரரைக் கட்டிக்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டுலருந்து பரிசமா மாடு ஒண்ணுகூட வரலைன்னு அப்பா கதவைச் சாத்திட்டார். யார் வீட்டுக்கு வந்தாலும் சுரைக்குடுக்கையில புளிச்ச பால், முர்சிக், ஊத்திக் கொடுக்கிற மனுஷன். எனக்குத் தண்ணிகூடத் தரலை." குரல் உடைந்தது. "மூணு நாள் லீவு வாங்கி வச்சிருக்கேன். கால் நகரவே மாட்டேங்குது."

நெகேசாவின் தொண்டைவரை வந்துவிட்டது, 'போ பெண்ணே, இப்பவே போ!' என்று. நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய அம்மா செத்துப்போனாள். நெகேசாவால் போக முடியவில்லை. மண்ணள்ளிப் போடக்கூட முடியவில்லை. அந்த நாள் இன்னும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

வங்கேச்சியின் பேனா காத்திருந்தது.

நெகேசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எதுக்குப் பயப்படுறீங்க, ஜெப்டூ?"

"என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்குவார்."

"திருப்பிக்கிட்டா?"

"அழுவேன்."

"அப்புறம்?"

ஜெப்டூ யோசித்தாள். அழுகைக்கு நடுவே சட்டென்று சிரிப்பு வந்தது.

"அப்புறம் என்ன? மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன். அந்த வீட்டுல எப்பவும் அதான் என் வேலை. அவர் முகத்தைத் திருப்பினாலும் மாடு திருப்பாதில்ல?"

நெகேசாவும் சிரித்தாள். "அப்படின்னா..."

"அப்படின்னா போகலாம்." தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள்போல ஜெப்டூ நிமிர்ந்தாள். "சனிக்கிழமை விடியக்காலை முதல் மட்டாட்டு வண்டியில ஏறிடுவேன். அவர் பேசினா கேப்பேன். பேசலைன்னா தண்ணி காட்டிட்டு வருவேன். செவ்வாய்க்கிழமை வந்து உங்ககிட்ட சொல்றேன். இருப்பீங்கல்ல?"

"நான் எங்க போகப் போறேன்?"

வங்கேச்சி பேனாவை மூடினார். எழுந்து வந்து நெகேசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு புத்திமதி இல்லை. ஒண்ணே ஒண்ணுகூட இல்லை! இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் பேசுறதைக் கேட்டிருக்கேன், இப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை. ஜெயிச்சுட்டீங்க. சான்றிதழ்ல பேரை எப்படிப் போடணும்?"

நெகேசா முதுகை நிமிர்த்தினாள். "முழுசாப் போடுங்கம்மா. நெகேசா வஃபுலா."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. வாசலில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அமொண்டி போட்ட குலவை, சமையலறைவரை கேட்டது.

நேரம் முடிந்தது. நெகேசா லேசோவை அவிழ்த்து மடித்து வைத்தாள். அடியில் கோடு போட்ட கைதி உடுப்பு, மார்பில் எண் 417. ஜெப்டூவும் மடித்து வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த காவலர் தொப்பியையும் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒன்பது வருடமாக "நானூத்திப் பதினேழு, நட!" என்று மட்டுமே கூப்பிட்டவள், அறைக்கு வெளியே இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வாங்க, நெகேசா வஃபுலா."