ஆனை வாற வீடு

"வயல் வட்டைக்கு நடுவுல தனி வீடு. ஆனை அடிச்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போக ஏலுமா?" என்றபடி ரதீஸ் புது முதலுதவிப் பெட்டியை மனைவி ஆர்த்திகாவின் முன் திறந்து வைத்தான்.

வயலுக்குப் போகிற வழியில் வேலிக்கு அப்பால் நின்ற அன்னப்பூரணி அக்காவுக்கு வாயெல்லாம் பல். "இப்பிடி ஒரு புரிசன் ஆருக்குகா வாய்க்கும்? போன கிழமை ஆனை அடிச்சும் நீ தப்பினதே பெரிய காரியம்."

"இன்னும் என்ன வைக்கணும், சொல்லு புள்ள," என்றான் ரதீஸ்.

"ரத்தத்தை நிப்பாட்டுற பட்டி இன்னொண்டு வைங்க. கை முறிஞ்சா வச்சுக் கட்டப் பலகைத் துண்டும் வேணும்." சொல்லிக்கொண்டே ஆர்த்திகா கத்தரிக்கோலையும் வைத்தாள்.

அதை மட்டும் அவன் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "துணியைக் கையால கிழிக்கலாம்."

அக்கா போனதும் கேற்றைப் பூட்டிவிட்டு வந்தான். ஆர்த்திகா சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"'ஆனை அடிச்சாக் கழுத்தில விரல் பதியுமா?' எண்டு அந்த நேர்ஸ் கேட்டாளே," என்றான் ரதீஸ் சிரித்துக்கொண்டே. "இனி நீ அங்க போகவே தேவையில்ல புள்ள."