கழி நீக்கிய சாய்வு நாற்காலி

சாய்வு நாற்காலியின் முதுகுச் சட்டத்தைத் தாங்கி நிற்கும் கழியை வடிவமைப்பாளன் கதிரேசன் நீக்கிவிட்டிருந்தான். உட்கார்ந்திருப்பவரின் பாரமே இனி அதை நிறுத்தும் என்பதுதான் அவனுடைய புதுமை. கண்காட்சிக் கூடத்தின் நடுவே அவன் மனைவி சுபாஷிணி அதில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால் தேக்குச் சட்டம் மடங்கி அவள் பிடரியில் இறங்கும். யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால்தான் எழ முடியும். “கொஞ்ச நேரந்தான், நானே வந்து பிடிச்சுக்கறேன்” என்று சொல்லித்தான் உட்காரவைத்திருந்தான். இப்போது அவளுக்குக் கால் மரத்துவிட்டது. “என்னங்க,” என்றாள் மெல்ல. “சிரி, போட்டோ எடுக்கறாங்க,” என்றான் அவன். அவள் மூச்சை ஆழ இழுத்தபோது சட்டம் முனகியது; கூட்டம் பதறிப்போய்ச் சட்டத்தைப் பார்த்தது. பட்டு ஜிப்பா அணிந்த ஒருவர் நாற்காலியைச் சுற்றிவந்து, “என்னென்ன போட்டுச் செஞ்சீங்க தம்பி?” என்று கேட்டார். “தேக்கு, கித்தான், பித்தளை ஆணி,” என்ற கதிரேசன் சற்று யோசித்தான். “அப்புறம் இவ.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்கே குடுத்துடுங்க. எப்படி அனுப்புவீங்க, பிரிச்சா?” “பிரிச்சா நிக்காதுங்க சார். இப்படியே ஏத்திடலாம்.” விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்று நம்ப விரும்பி, சுபாஷிணி அவன் முகத்தைத் தேடினாள். முகம் தெரியவில்லை. வண்டியில் கீறல் விழாமலிருக்க அவன் குனிந்து நாற்காலியின் முன்கால்களுக்குப் பழந்துணி சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டையும் இறுக்கி முடிந்த பிறகு, இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவள் கணுக்காலைப் பிடித்தான்.