ரொட்டி நீட்டிய கை

ஹார்லெமை அடுத்த ஓர் ஊரில், யோரிஸ் என்ற உழவன் தன் மனைவி லைஸ்பெத்தின் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவியர் மெல்கியோர் அதை அப்படியே செப்புத் தகட்டில் கீறிவிட்டார். தகட்டில் கீறியதை மை பூசி அச்சிட்டால், தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும். தாளைப் பீர்க்கடையில் மாட்டினார்கள்.

"பொண்டாட்டிக்கு எவ்வளவு ஆசையா ஊட்டுறான் பாருய்யா!" என்றார் கடைக்காரர்.

"ஊட்டுறானா? பிடுங்குறான்யா!" என்றாள் லைஸ்பெத். யாரும் நம்பவில்லை. உற்றுப் பார்த்தால் அவள் கண்ணுக்கே அவன் கொடுப்பது போலத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து வலதுகைக்காரனான யோரிஸ், இடதுகையால் ரொட்டியை அறுத்துப் பெரிய துண்டை அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடு புள்ள, பட்டாணிக் கஞ்சி ஆறிடும்."

நான்கு மாதம் அப்படியே போயிற்று. பிறகு மெல்கியோர் வந்தார்.

"எல்லாரும் படத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்கம்மா. பிடுங்குறது தெரியற மாதிரி வேற தகட்டுல இடம் வலம் மாத்திக் கீறிடறேன்."

"கீறிப் பாருங்க, விரலை ஒடிச்சிடுவேன்" என்ற லைஸ்பெத், ஒரு முழுப் பாலாடைக்கட்டியைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்த யோரிஸ், மத்தியானம் மல்லாந்து படுத்தான். இத்தனை நாளில் முதன்முறையாக லைஸ்பெத் துணிந்து அவன் இடது மார்பில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து வலது மார்பில் வைத்தாள். அங்கே இதயம் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

தலையணையை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.