பத்து டப்பா ஐஸ்கிரீம்

“பத்து டப்பாவா? அந்த ஆளுக்கு ரெண்டே அதிகம்! ஒரே வாரத்துல ரெண்டு விமானத்தைக் கடல்ல போட்டவன். வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க!”

வந்த பதிலைக் காவல் கப்பலின் கேப்டன் ப்ரூஸ்டர் படித்துக் காட்டியதும் விமானி வெண்டலின் முகம் தொங்கிப் போனது. அனுப்பியவர் அவனுடைய படைத்தலைவர் ஹாஸ்கெல்!

பசிபிக் போரில் இது எழுதாத சட்டம். தன் கப்பலில் இறங்கும்போது தவறிக் கடலில் விழுந்த விமானியைப் பின்னால் வரும் காவல் கப்பல் தூக்கிப் போட்டுக்கொள்ளும். விமானம் தாங்கிக் கப்பல் ஐஸ்கிரீம் கொடுத்தால்தான் ஆள் திரும்பக் கிடைப்பான். ஐஸ்கிரீம் இயந்திரம் அங்கேதானே இருக்கிறது!

“சார், குறைச்சுக் கேளுங்களேன். நாளைக்கு எங்க ஆளுங்க சண்டைக்குப் பறக்கிறாங்க. நான் போகலேன்னா பயந்து ஒளிஞ்சுக்கிட்டான்னு சிரிப்பாங்க.”

“பேரம்னா பேரம்தான் தம்பி. சூப்பைக் குடி.”

குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது.

“கப்பல் ரொம்ப ஆடுது சார்.”

கடல் என்னவோ அன்றைக்குக் குளம் மாதிரிதான் கிடந்தது.

மறுநாள், “மூணு டப்பா. அதுக்கு மேல ஒரு கரண்டி கிடையாது” என்று பதில் வந்தது.

“கஞ்சப் பிசினாறி! என் உசுரு மூணு டப்பாவா?” வெண்டல் வாய் ஓயாமல் திட்டினான். திட்டிய களைப்பில் தூங்கினான். எழுந்து சாப்பிட்டான். மறுபடி திட்டினான். மறுபடி தூங்கினான்.

மூன்றாம் நாள் பசி தாங்காமல் சமையல்கட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்த தகர டப்பா ஒவ்வொன்றிலும் அவனுடைய கப்பலின் பெயர்!

“இதெல்லாம் ஏது?”

“ஐஸ்கிரீம் வந்த டப்பா சார். நீங்க விழுந்த அன்னிக்கே ரெண்டு கப்பலுக்கும் நடுவுல கயிறு கட்டி அனுப்பிட்டாங்க. கேட்டது பத்து, வந்தது இருபது. அன்னிக்கே காலி பண்ணிட்டோம்ல!” என்றான் சமையல்காரன்.

வெண்டல் பாய்ந்து மேலே ஓடினான்.

“சார்! இது அநியாயம்! வாங்கித் தின்னுட்டு என்னைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களா? எங்க ஹாஸ்கெலுக்குத் தெரிஞ்சா உங்களைச் சும்மா விடுவாரா?”

ப்ரூஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அட, நீ வேற! ‘அவன் நல்லாத் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் அனுப்பாதீங்க. ஓய்வெடுன்னு நான் சொன்னா அவமானத்துலயே செத்துடுவான். என்னைக் கஞ்சன்னு திட்டிக்கிட்டாவது உசுரோட இருக்கட்டும்’னு டப்பாவோட சேதி அனுப்பினதே உங்க ஹாஸ்கெல்தான்யா!”