ஆரஞ்சு விளக்கு அணையட்டும்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் பாதி தொலைந்துபோகிறது. ஒரு காரும் அதிலிருந்த துளியூண்டு விளக்கும் ஒருத்தியை என்ன பாடு படுத்தின என்று சொல்கிறேன்.

மணி நாலரை. மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை. மெஹபூப் அலி நாலாவது சக்கரத்திலும் காற்றை அளந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாலும் முப்பத்து மூணு கீது சார். இன்னா டவுட்டு? கம்முனு ஓட்டிக்கினு போங்க."

ஆம்ப்ரோஸ் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற ஆரஞ்சு விளக்கு. குதிரை லாடம் போல வளைந்து, நடுவில் ஓர் ஆச்சரியக்குறியோடு எரிந்துகொண்டேயிருந்தது.

"அணையலையே."

"காத்து மேல தப்பில்ல சார். உன் வண்டிக்குத்தான் சந்தேக புத்தி."

பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி மர்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் அவள் கையாலேயே தைத்த வெள்ளை கவுன்.

ஐந்தரைக்கு மயிலாப்பூர் மாதா கோயிலில் பேத்திக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்கு அந்த வெள்ளை உடுப்பு தாய்வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அதுவும் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர்கள் வீடுகளில் அப்படித்தான்.

தாத்தாவைக் கிளப்பத்தான் அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

மகள் ஜொவிட்டா தன் இஷ்டத்துக்கு மகேஷைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம். "இனி உன் நல்லது கெட்டது எதுக்கும் வரமாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொன்னவர் ஆம்ப்ரோஸ். முப்பது வருஷம் பௌதிகம் நடத்திய வாத்தியார். எழுதியதை அழித்துப் பழக்கமில்லை.

ஆனால் இன்று காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் சவரம் செய்துகொண்டார். சட்டையை மூன்று தரம் மாற்றினார். மர்சலின் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டிலிருந்து கிளம்பித் தெருமுனை திரும்பும்போதே விளக்கு வந்துவிட்டது.

"இது அணையட்டும். அப்புறம் கோயிலுக்குப் போகலாம்" என்றார் அவர்.

பெட்ரோல் பங்கில் பார்த்தபோது முன்பக்கத்துச் சக்கரம் ஒன்று நிஜமாகவே கொஞ்சம் இளைத்திருந்தது. காற்று அடித்தார்கள். விளக்கு அணையவில்லை. அங்கிருந்துதான் மெஹபூப் அலியிடம் வந்தார்கள். அங்கேயும் அணையவில்லை.

"ஆழ்வார்பேட்டையில பெரிய கடை ஒண்ணு இருக்கு" என்று ஆம்ப்ரோஸ் வண்டியைத் திருப்பினார்.

கோயில் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்.

சிக்னலில் நின்றது. மறுபடியும் சிக்னலில் நின்றது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நகர்வேனா என்றது. மர்சலின் தன் பக்கத்தில் இல்லாத ஆக்ஸிலரேட்டரைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். பெட்டியைக் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.

கைப்பேசி அடித்தது. ஜொவிட்டா.

"மம்மி, எங்க இருக்கீங்க? ஃபாதர் வந்துட்டார். அப்பா... அப்பாவும் வர்றாரா?"

"வந்துட்டே இருக்கோம்டி" என்று வைத்துவிட்டாள்.

ஆழ்வார்பேட்டைக் கடையில் ராகேஷ் என்கிற மெக்கானிக் சக்கரங்களை ஒரு சுற்று சுற்றி வந்தான். "காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு அங்கிள். உள்ள ஏதோ கோளாறு. ஷோரூம்ல விட்டுடுங்க, நாளைக்குப் பார்த்துத் தருவாங்க."

நாளைக்கு என்றதும் ஆம்ப்ரோஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சை தள்ளிப்போன பையன் முகம்.

"கேட்டியா? நாளைக்குத்தானாம்."

மர்சலின் இறங்கினாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் ஆட்டோல போய்க்கிறேன். அப்பா எங்கன்னு கேட்டா, டயருக்குக் காவல் இருக்காருன்னு சொல்லிக்கிறேன்."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கையை நீட்டினாள். முதல் ஆட்டோ நிற்கவில்லை. இரண்டாவதில் ஆள் இருந்தது. மூன்றாவது வேகம் குறைத்து ஓரம் கட்டியது.

பின்னால் ஹாரன், ஒரே ஒரு தரம்.

திரும்பினாள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. ஆம்ப்ரோஸின் கை ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் போனது. தேடவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. ஒரு பொத்தானை அமுக்கியபடி அவர் உதடுகள் எண்ணின: ஒன்று, இரண்டு, மூன்று.

ஆரஞ்சு விளக்கு மூன்று முறை சிமிட்டியது. அணைந்தது.

காற்று அடித்தால் மட்டும் போதாது கண்ணுகளா, அடித்தாயிற்று என்று வண்டிக்கும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தப் பொத்தான். ஆறு வருஷமாக, காற்று அடித்த ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ரோஸ் அதை அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். இன்று ஒரு நாளைத் தவிர.

"எங்கம்மா போணும்?" என்றார் ஆட்டோக்காரர். மர்சலின் வேண்டாமென்று கையாட்டினாள்.

அவள் வந்து உட்கார்ந்தபோது அவர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்னைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்ன பண்றது?"

மர்சலின் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"திருப்பிக்கிட்டா அந்தப் பக்கம் போய் நின்னுக்கலாம். வண்டிய எடுங்க."

உங்கள் வீட்டு நல்ல நாள் ஒவ்வொன்றுக்கும், வரவே மாட்டேன் என்று சொன்னவர்களும் வந்து, கடைசி வரிசையிலாவது உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், கண்ணுகளா.