பெரிய களவா

குழம்பில் உப்பு கூடினால் மாமனார் லூர்தையா பெல்ட்டைக் கழற்றுவார். மாமியார் பிலோமினாதான் குறுக்கே விழுந்து, மருமகள்கள் மேல் விழ வேண்டிய அடியைத் தன் முதுகில் வாங்குவாள்.

அன்று மூத்த மருமகள் ரெஜினா அறுத்த ஆண் களவா மீனின் வயிற்றில் பழைய முட்டைகள் ஒட்டியிருந்தன.

“ஏட்டி, போன மாசம் பாறையில கெடந்த பெரிய ஆம்பளயக் குத்திக் கொன்னோம்லா? மிஞ்சுன பொட்டையில பெருசு ஆம்பளயா மாறிருக்கு,” என்று சிரித்தார் லூர்தையா.

மறுவாரமே கடல் அவரைக் கொன்றது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மத்தியானம், குழம்பில் உப்பு கூடிவிட்டது. ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தவள் பிலோமினா.

மூன்றாவது அடியில் தரையில் விழுந்த ரெஜினா, அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். தூக்கிவிட வந்த இளைய மருமகள், அவள் கண்களைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.