பெயர் ஒட்டாத கேசட்

வீடியோ டெக் கேசட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். தூங்கும் மிருகம் ஒன்று புரண்டு படுப்பதுபோல இருக்கும்.

முதலில் திரை முழுக்கப் புள்ளிகள். பிறகு கோடுகள். டிராக்கிங் குமிழை மெல்லத் திருப்பினாள்.

ஒரு கல்யாண மண்டபம் வந்தது.

வீட்டில் அவளைக் கிறுக்கி என்றுதான் சொல்கிறார்கள். அவள் வயதுப் பெண்கள் எல்லாவற்றையும் போனில் பார்த்துத் தள்ளுகிறார்கள். இவள் திண்டுக்கல்லின் பழைய இரும்புக் கடைகளில் முழங்கை வரை தூசியோடு வீடியோ கேசட் தேடுகிறாள். யார் வீட்டு வளைகாப்போ, எந்தப் பள்ளி ஆண்டு விழாவோ. எதுவும் வேண்டாம் என்பதில்லை. பூஞ்சை பிடித்திருந்தால் திருகாணி கழற்றி, நாடாவைத் துடைத்து, விரலால் சுற்றி, எப்படியும் ஓட வைத்துவிடுவாள்.

"குப்பைக்குப் போறதுக்கெல்லாம் ஆயுசு குடுக்குற," என்பார் அப்பா.

"ஓடுற வரைக்கும் அது குப்பை இல்லப்பா."

இந்தக் கேசட் அவள் கட்டிலடிப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. பெயர் ஒட்டவில்லை. வாங்கிய ஞாபகமும் இல்லை.

கேமரா தள்ளாடித் தள்ளாடி மண்டபத்துக்குள் போனது. மேளக்காரர்கள். பந்தி. வாயில் அப்பளத்தோடு நிமிர்ந்து, வெளிச்சத்தில் கண் கூசும் ஒரு பெரியவர். மணமேடை.

மாப்பிள்ளைக்கு அடர்ந்த மீசை.

அப்பா.

பக்கத்தில் தலைகுனிந்திருப்பவள் அம்மா.

அவள் டிவியை நோக்கித் தரையில் நகர்ந்தாள்.

இந்தக் கல்யாணத்தை ஆல்பத்தில் பார்த்திருக்கிறாள். தாலி கட்டும் படத்தின் ஓரம் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கும். அம்மாவின் பின்கழுத்தில் விரல்கள் மட்டும் மிச்சமிருக்கும்.

யாருடைய விரல் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டாள். அறை விழுந்தது.

பெரியம்மாதான் பிறகு ரகசியமாகச் சொன்னாள். ஒனக்கு தமயந்தின்னு ஒரு அத்தை. ஒங்கப்பனோட கூடப்பொறந்தவ. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. இனிமே கேக்காதே.

இப்போது அந்த விரல்களுக்குக் கை இருந்தது. கைக்கு வளையல். வளையலுக்கு மேலே பச்சைப் பட்டும், ஒல்லியான தோளும், முகமும் இருந்தன.

அப்பா முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கிறார். நாத்தனார் குனிந்து மற்ற முடிச்சுகளைப் போடுகிறாள். இறுக்கிப் பார்க்கிறாள். பிறகு மணப்பெண்ணின் காதில் ஏதோ சொல்கிறாள்.

மணப்பெண் சிரித்துவிடுகிறாள். வாய்விட்டு. மணமேடையில்.

அம்மா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"நிறுத்து."

நிலைப்படியில் அப்பா. கையில் கறி வாங்கிவந்த பை.

"நிறுத்துன்னு சொல்றேன், பிருந்தா."

"மாட்டேன்ப்பா."

எழுந்து, சுவிட்சுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஆல்பத்துல வெட்டிட்டீங்க. இதுல அத்தை முழுசா இருக்காங்க. முடியுற வரைக்கும் பார்ப்பேன்."

அப்பா பையைக் கீழே வைத்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். வரவில்லை. அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

"இத நான் கொல்லையில போட்டு எரிச்சேன். என் கையால எரிச்சேன். ஒனக்கு எங்க கெடச்சது?"

அவளுக்குத் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. திரையைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க எரிச்சது எங்க சித்தப்பா வீட்டுக் காதுகுத்து."

டிவியில் மட்டும் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"எரிக்கணும், எடுத்துட்டு வாடின்னீங்க. கொண்டாந்து குடுத்தேன். நீங்க போட்டுப் பாக்கவா போறீங்க?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "என் கழுத்துல முடிச்சுப் போட்டவ அவ. அவளை நெருப்புல போட நான் எப்படிங்க குடுப்பேன்?"

அப்பாவின் பார்வை திரைக்குப் போனது.

"இத்தனை வருஷமா சீலைக்கு அடியில வச்சிருந்தேன். போட்டுப் பாக்க மிஷின் இல்ல. இவ கொண்டாந்தா. இவ பெட்டியில போட்டேன்."

அப்பா திரும்பி வாசலுக்குப் போனார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். மற்றக் காலை நுழைக்கவில்லை. அப்படியே, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். பிருந்தாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அம்மா எழவில்லை.

திரையில் பச்சைப் பட்டுக்காரி கேமராவைப் பார்த்துவிட்டாள். கூச்சப்படவில்லை. நேராகப் பார்த்து, யாரையோ கூப்பிட்டாள். அண்ணே என்றாளா, அண்ணி என்றாளா, மேளத்தில் தெரியவில்லை.

"சத்தத்தைக் கூட்டு," என்றாள் அம்மா.

பிருந்தா கூட்டினாள்.

"இன்னும் கூட்டு. வாசல் வரைக்கும் கேக்கட்டும்."